மலையில் பின்தங்கினால் மனம் பலவீனமா?

கோவைப் பக்கம் சிறிய பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்தும் 43 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

ஊரடங்குக் காலத்தில் தொப்பையைக் குறைக்க சைக்கிள் வாங்கியவர் இவர். ஞாயிறுதோறும் நண்பர்களோடு ஆனைகட்டி சாலை, எப்போதாவது கோத்தகிரி ஏற்றம் என்று ஆரம்பித்து, இரண்டு வருடத்தில் போட்டிக்காரர் ஆகிவிட்டார். இப்போது கார்பன் ஃப்ரேம், மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் எல்லாம் இருக்கிறது. 40 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஒருமுறை மூன்றாவதாக வந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக முன்னேற்றம் இல்லை, சரிவுதான்.

வாரத்தில் ஆறு நாள், காலை நாலரைக்கு எழுந்து, வெறும் வயிற்றில், முடிந்த மட்டும் வேகமாக ஓட்டுகிறார். எடை குறைந்தால் மலை ஏறுவது சுலபம் என்று ராத்திரிச் சோற்றை நிறுத்தி, 70 கிலோவிலிருந்து 65-க்கு வந்திருக்கிறார். பட்டறைக் கணக்கை முடித்துப் படுக்கப் பதினொன்றரை ஆகிறது. குழுவோடு ஓட்டும்போது பெரும்பாலும் இவர்தான் முன்னால் நின்று எதிர்க்காற்றைத் தாங்குகிறார். பிறர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வருவது இவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆனால் ஏற்றம் தொடங்கியதும் ஒவ்வொருவராக இவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

"மனசுதான் டாக்டர் பிரச்சினை. வலி வந்ததும் உள்ளே ஒருத்தன் 'விட்டுடு'ங்கறான், நானும் விட்டுடறேன். தொழில்லயும் நான் இப்படித்தானோன்னு பயமா இருக்கு" என்கிறார். ஜிம் நண்பர் ஒருவர் 'டி லெவல்' (டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு) ஏற்றும் ஊசி வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். மனைவியோ சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறார். மனதை இரும்பாக்குவது எப்படி, ஊசி போடலாமா, நல்ல கோச் பிடிக்கலாமா, இல்லை எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்பவை இவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று விஷயங்களைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்: தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்துவிட்டது, ஏற்றத்தில் இரண்டு முறை நெஞ்சைப் பிடித்தது (வாயு, கேஸ் என்று விட்டுவிட்டார்), அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஓரத்தில் எழுதியதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம். 43 வயது ஆண், நெருங்கிய ரத்த உறவில் 55 வயதுக்குள் மாரடைப்பு, உடலை வருத்தும்போது நெஞ்சில் பிடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது அதைக் கேஸ் என்று முடிவுகட்டும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். உங்களுக்குத் தொந்தரவு வருவது ஏற்றத்தில்தான். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி அதைக் காட்டாமல் போகலாம். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை அல்லது அவர் சொல்லும் வேறு பரிசோதனை வரை போய்வாருங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை போட்டியும் இல்லை, ஏற்றமும் இல்லை, வேகமும் இல்லை. அந்தப் பிடிப்பு மறுபடி வந்து, ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால், மயக்கமோ வியர்வையோ சேர்ந்து வந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். நண்பரின் காரிலோ உங்கள் பைக்கிலோ போகலாம் என்று யோசிக்க வேண்டாம்.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் நீங்கள் கேட்ட மற்ற எல்லாக் கேள்விகளின் பதிலும் மாறிவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

நான்கு பக்கக் கடிதத்தில் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்: காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி சாலட். தூக்கத்துக்கு அதுவும் இல்லை. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறீர்கள் என்பதை வைத்து ஐந்து மணி நேரம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

உங்கள் எண்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன் உங்கள் எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி, 240 வாட். எடை 70. கிலோவுக்கு 3.4 வாட். இப்போது 215 வாட், எடை 65. கிலோவுக்கு 3.3. மலை ஏறுவதற்காகத்தானே எடையைக் குறைத்தீர்கள்? ஐந்து கிலோ போயும் மலைக்கான விகிதமே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சமதளத்தில் இன்னும் மோசம். அங்கே எதிரி எடையைவிடக் காற்றுதான், மொத்த வாட்தான் பேசும். அதில் 25 வாட் காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது? பவர் மீட்டரிலேயே பதில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் சராசரி 180 வாட்டில் மிதித்தால் திரையில் சுமார் 1,300 கிலோஜூல் என்று வரும். உடம்பு எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்வாசிதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் அந்தக் கிலோஜூல் எண்ணையே நீங்கள் எரித்த கிலோகலோரியாக எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநர்களுக்கு வசதியான ஒரு தற்செயல் இது. ஆக, விடிந்ததும் 1,300 கலோரியைச் செலவழித்துவிட்டு மூன்று இட்லியோடு பட்டறைக்குப் போகிறீர்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. தினமும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கே கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு உணவியலில் பொதுவான வழிகாட்டுதல். 65 கிலோ ஆளுக்கு அது 325 முதல் 455 கிராம். உங்கள் பட்டியலில் இருப்பது அதில் பாதிகூடத் தேறாது.

இப்படித் தொடர்ந்து குறைத்துக் கொடுத்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கிடைக்கிற ஆற்றலை உயிர் வாழ அவசியமான வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, தள்ளிப்போடக்கூடியவற்றைத் தள்ளிப்போடும். தசை பழுதுபார்ப்பு, எலும்பு, நோய் எதிர்ப்பு, இனப்பெருக்க ஹார்மோன்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. 2018-லும் 2023-லும் அந்த விளக்கத்தைப் புதுப்பித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தடுமாறி உடம்பு முன்கூட்டியே எச்சரித்துவிடும். ஆண்களுக்கு அப்படிப் பளிச்சென்று தெரியும் அறிகுறி கிடையாது. ஆர்வக் குறைவு, எரிச்சல், அரைகுறைத் தூக்கம், காயம் ஆறத் தாமதம், கால் கனப்பது. இவற்றில் பாதியை நீங்களே கடிதத்தில் சொல்லியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் காரணத்தோடு.

கடிதத்தைப் படித்து நோயை உறுதிசெய்ய முடியாது. ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட இதே முகத்தோடு வரும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துக் கையிருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு), வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் அளவு ஆகியவற்றை உங்கள் பொது மருத்துவரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்ப் தொழிலில் இருப்பவருக்கு இதை இப்படிச் சொன்னால் புரியும். மோட்டார் சூடேறி ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆனால், மோட்டாருக்குத் தைரியம் இல்லை என்று நீங்கள் சொல்வதில்லை. லோடு எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு என்று பார்ப்பீர்கள். ஏற்றத்தில் 'விட்டுடு' என்று சொல்பவன் கோழை என்று முடிவுகட்டும் முன், அவனுக்கு என்ன கொடுத்தோம் என்று பாருங்கள்.

மனசுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. 2009-ல் பிரிட்டனில் சாமுவேலே மார்கோராவும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனை இருக்கிறது. 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழியும் வேலை கொடுத்து, பிறகு சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அதே ஆட்கள் மூளைக்கு வேலையில்லாத நாளைவிட ஏறத்தாழ 15 சதவீதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். இதயமும் தசையும் வழக்கம்போலத்தான் இருந்தன. அதே சுமை அவர்களுக்கு அதிகமாகத் தோன்றியது, அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணி வரை ஜிஎஸ்டி கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு, ஐந்து மணி நேரம் தூங்கி, நாலரைக்கு இன்டர்வெல் பயிற்சிக்கு (விட்டு விட்டு வேகமாக மிதிப்பது) உட்காரும் ஒருவரின் மனம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கணக்கு முடிக்கும் நாட்களுக்கு மறுநாள் கடினப் பயிற்சி வைக்காதீர்கள். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசு செலவில்லை.

முன்னால் நின்று இழுக்கும் வீம்பு

இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கேதான் உங்கள் மனநிலை உண்மையிலேயே தொந்தரவு செய்கிறது. நீங்கள் நினைக்காத இடத்தில்.

சமதளத்தில் 35 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அதை வேண்டாம் என்று சொல்லி, மலையடிவாரம் வரை எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்க்கிறீர்கள். மலை தொடங்கும்போது அவர்களிடம் நிறைய பாக்கி இருக்கிறது, உங்களிடம் இல்லை. பிறகு அவர்கள் தாண்டிப் போவதைப் பார்த்து, "என் மனசுக்குப் பலம் இல்லை" என்று எழுதுகிறீர்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தை நீங்கள் விட்டது ஏற்றத்தில். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே அது முடிவாகிவிட்டது.

பின்னால் ஒட்டிப்போவது ஏமாற்று வேலை என்று யார் சொன்னது? சாலைப் போட்டியே அந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. மாற்றி மாற்றி முன்னால் வர வேண்டும், தன் பங்கை இழுக்க வேண்டும், பிறகு விலகிப் பின்னால் போய் மூச்சு வாங்க வேண்டும். முன்னால் வரவே வராமல் கடைசியில் தாண்டுபவரை எல்லோரும் திட்டுவார்கள், அது நியாயம். முன்னாலேயே நிற்பவரை யாரும் திட்ட மாட்டார்கள். அவர் முதுகு அவர்களுக்கு லாபம்.

அன்னா கீசன்ஹோஃபர் பற்றிய வீடியோவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். தொழில்முறை அணி ஒப்பந்தம் இல்லாமல், கோச் இல்லாமல், 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக் சாலைப் போட்டியில் தங்கம் வென்ற ஆஸ்திரியக் கணித ஆய்வாளர். "தனியாளாக வலியை வென்றார்" என்று அந்த வீடியோ சொல்கிறதாம். நடந்தது கொஞ்சம் வேறு. 137 கி.மீ. போட்டியில் ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொண்டு கிளம்பிய ஐவரில் அவர் ஒருவர். முதல் 70 சதவீதத் தூரத்தை அந்தச் சின்னக் கூட்டத்தோடு வேலையைப் பகிர்ந்துகொண்டுதான் ஓட்டினார். ஏறத்தாழ கடைசி 40 கி.மீ.யில்தான் தனியாகப் போனார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ அனுமதி இல்லை. அதனால் பின்னால் வந்த பலமான அணிகளுக்கு முன்னால் ஒருத்தி இருப்பதே சரியாகத் தெரியவில்லை. 75 விநாடி கழித்து இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் அன்னமிக் வான் ஃப்ளூட்டன், தான்தான் வென்றதாக நினைத்துக் கைகளைத் தூக்கினார். கீசன்ஹோஃபரின் துணிச்சலை நான் குறைக்கவில்லை. அவர் அன்று எதைச் செலவழித்தார், எப்போது செலவழித்தார் என்பதைப் பாருங்கள் என்கிறேன். இன்னொன்றும் அந்த வீடியோவில் விடுபட்டிருக்கலாம்: 2017-ல் தொழில்முறை அணி ஒன்றில் சேர்ந்து, அது ஒத்துவராமல், விலகிக் கொஞ்ச காலம் போட்டியையே விட்டிருந்தவர் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன் (இதய மருத்துவர் அனுமதித்த பிறகு வரும் ஞாயிறு). குழுவில் உங்கள் முறை வரும்போது மட்டும் முன்னால் வாருங்கள். ஒரு நிமிடம் இழுத்துவிட்டு, முழங்கையை அசைத்து விலகிவிடுங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உங்களுக்கு மட்டும் உள்ளே குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்போடு இரண்டு மணி நேரம் இருக்கப் பழகுவதுதான் நீங்கள் கேட்ட மனப்பயிற்சி.

மெதுவாக ஓட்டும் கட்டுப்பாடு

ஆறு நாளும் முடிந்த மட்டும் வேகம் என்கிறீர்கள். எல்லா நாளும் அப்படி ஓட்டினால் எந்த நாளும் உண்மையான வேகம் இருக்காது. களைப்போடு நடுத்தரமாகத்தான் ஓட்ட முடியும். நார்வேயில் பணியாற்றும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், தேர்ந்த வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சி நாட்களில் சுமார் 80 சதவீதம் லேசானவை என்று காட்டினார். வாரத்துக்கு இருபது மணி நேரம் ஓட்டும் ஆட்களின் கணக்கு அது. உங்களுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் திசை அதுதான்: வாரம் இரண்டு கடின நாள், இரண்டோ மூன்றோ லேசான நாள், மிச்சம் ஓய்வு.

லேசு என்றால் பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். மருதமலை அடிவாரத்தில் பால்காரரின் மொபெட் உங்களைத் தாண்டும். பள்ளிப் பையன் தாண்டுவான். ஓட்டங்களைப் பதிவிடும் ஸ்ட்ராவா செயலியில் யாராவது "என்ன அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். இதையெல்லாம் தாங்குவது ஏற்றத்தில் வலியைத் தாங்குவதைவிடக் கஷ்டம் என்பது நான் பார்த்தவரை பல ஓட்டுநர்களின் அனுபவம். லேசான நாட்களின் பதிவை மற்றவர் பார்க்காதபடி வைக்க அதில் வசதி உண்டு. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

'தினமும் ஒரு சதவீதம் முன்னேற்றம்' என்று எங்கேயோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சின்னச் சின்ன மேம்பாடுகளைச் சேர்த்துக்கொண்டே போன பிரிட்டிஷ் தேசிய சைக்கிள் அணியிடமிருந்து பிரபலமான எண்ணம் அது. அவர்களுக்குக் காற்றுச் சுரங்கம் இருந்தது, சமையல்காரர் இருந்தார், தூங்குவதும் சம்பளத்துக்கு உட்பட்ட வேலையாக இருந்தது. பெரிய ஓட்டைகளை அடைத்தவர்கள்தான் சின்ன ஓட்டைகளைத் தேடலாம். 12,000 ரூபாய் செராமிக் பேரிங் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குமுன் ராத்திரிச் சோற்றைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்குக் குறைந்தது 40, 50 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். இரண்டு வாழைப்பழம், இல்லாவிட்டால் பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும். எனர்ஜி ஜெல்தான் வேண்டும் என்பதில்லை. வெறும் வயிற்றுப் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

சரி, எல்லாம் செய்த பிறகும் ஏற்றத்தில் அந்தக் குரல் வரும். வரத்தான் செய்யும்; முதலாவதாக வருபவருக்கும் வருகிறது. அதோடு வாதாடாதீர்கள். 'இடைவெளி விழுந்தால், தலையைத் தூக்கிப் பார்க்காமல் என் வாட்டில் அடுத்த வளைவு வரை மிதிப்பேன்' என்று முன்கூட்டியே ஒரே ஒரு விதியை வீட்டிலேயே முடிவுசெய்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியது குறைவாக இருக்கும். முன்னால் போகிறவரின் வேகத்துக்கு நீங்கள் கட்டுப்படவில்லை, உங்கள் வேகத்துக்குத்தான். நிறைய பேர் இப்படி மிதித்து, முதல் இரண்டு கிலோமீட்டரில் பாய்ந்தவர்களைக் கடைசி வளைவுகளில் தாண்டுவார்கள்.

ஊசி பற்றி

வேண்டாம். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், ஜிம் நண்பரோடு பேச உதவும்.

உங்கள் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கலாம் என்று நானும் சந்தேகிக்கிறேன். சாப்பாடும் தூக்கமும் குறைந்ததால் அது குறைந்திருந்தால், வெளியிலிருந்து ஊசி போடும்போது உடம்பு தானாகச் சுரப்பதையும் நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி குறையும், விரைகள் சுருங்கலாம், ரத்தத்தில் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டிப்படலாம். அப்பாவுக்கு மாரடைப்பு வந்த வீட்டில் இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானது இல்லை. அதோடு, கடை ரசீது இல்லாமல் கைமாறி வரும் குப்பியில் என்ன இருக்கிறது என்பதற்கு லேபிள் மட்டும்தான் சாட்சி.

விதிகளைப் பற்றியும் உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "நாங்க என்ன ஒலிம்பிக்கா போறோம்?" என்று கேட்கிறீர்கள். இந்தியாவில் 2022-லிருந்து ஊக்கமருந்துத் தடுப்புக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தும் போட்டியில் பெயர் கொடுத்தால், வயதுப் பிரிவுக்காரராக இருந்தாலும் பரிசோதனைக்கு அழைக்கப்படலாம். டெஸ்டோஸ்டிரோன் போட்டிக்கு உள்ளும் வெளியும் எப்போதும் தடைசெய்யப்பட்டது. முதல் தவறுக்கே நான்கு ஆண்டு வரை தடை வரலாம். மருத்துவக் காரணத்துக்காக விதிவிலக்கு கேட்க வழி உண்டு. ஆனால் வயதாலோ, அதிகப் பயிற்சியாலோ, குறைந்த உணவாலோ அளவு இறங்கியதற்கு அந்த விதிவிலக்கு தருவதில்லை.

போட்டிக்கு முன் முழங்கால் வலிக்கு மாத்திரை போடுவதாகவும் ஒரு வரி வருகிறது. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபெனக், ஐப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். டிராமடால் என்றால் 2024 ஜனவரியிலிருந்து போட்டி நேரத்தில் தடைசெய்யப்பட்டது. முழங்கால் வலிக்கு சீட் உயரத்தையும் க்ளீட் (ஷூவைப் பெடலில் மாட்டும் கட்டை) நிலையையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பதா, வைத்துக்கொள்வதா

வீட்டம்மா சைக்கிளை விற்கச் சொல்வதை, உங்கள் ஆசைக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் அவருடைய வார்த்தைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: "ஞாயித்துக்கிழமை வந்தா பிள்ளை உங்க மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் பேசலாமா வேண்டாமான்னு முடிவு பண்றா." இதில் சைக்கிளைப் பற்றி ஒன்றும் இல்லை. ரேங்க் சரியில்லாத நாளில் வீட்டில் புயல் என்பதுதான் புகார். பட்டினி கிடப்பவருக்கு எரிச்சல் வரும், அது கொஞ்சம் சாப்பாட்டிலேயே தீரும். மிச்சத்துக்கு நீங்கள் பொறுப்பேற்க வேண்டும். வாரத்தில் எந்தெந்த நேரம் சைக்கிளுக்கு என்று அவரோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். ஒரு ஞாயிறு முழுசாக வீட்டுக்கு. இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டலாம். நெஞ்சுப் பிடிப்பு அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், அது தெரிய வேண்டும்.

அப்புறம் கோச். பிடிக்கலாம், இப்போது வேண்டாம். காலியான தொட்டியில் நல்ல திட்டம் போட்டுப் பயன் இல்லை. பிறகு சேரும்போது, தூக்கத்தையும் வேலை நேரத்தையும் கேட்காமலே பயிற்சி அட்டவணை அனுப்புபவரிடம் பணம் கட்டாதீர்கள்.

போட்டியை விட்டால் சைக்கிளையே விட்டதாக ஆகிவிடும் என்பதும் தேவையில்லாத பயம். பிரெவெ என்ற ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாரிஸில் தொடங்கிய இந்த நீண்டதூர ஓட்டத்துக்கு இந்தியாவிலும் வருடம் முழுக்க நாட்கள் உண்டு. 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. முதல் இடம், கடைசி இடம் என்று எதுவும் கிடையாது. வழியில் உட்கார்ந்து தோசை சாப்பிடலாம். சாப்பிடாதவர் முடிக்க மாட்டார் என்பதால் உங்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடமாக இருக்கும். ஆனால் 200-லேயே நிறுத்துங்கள். தூக்கத்தைத் தொலைக்கும் 400-ம் 600-ம் இந்த வருடம் உங்களுக்கு வேண்டாம்.

முழுசாக விட்டுவிடுவதையும் நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். எட்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டு, ஏழு மணி நேரம் தூங்கி, லேசாக மட்டும் ஓட்டிப் பாருங்கள். எடை இரண்டு மூன்று கிலோ ஏறும், பதறாதீர்கள். காலையில் எழுந்ததும் இதயத்துடிப்பை எழுதி வையுங்கள். கூடவே, இன்று ஓட்ட ஆசையாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை. எட்டாவது வாரமும் 'இல்லை'தான் அதிகம் என்றால், போட்டி உங்களுக்கு முடிந்துபோன ஒன்றாக இருக்கலாம். அப்படியிருந்தும் தூக்கம் கெட்டு, பட்டறை வேலை, குழந்தை, எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த மாதப் போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன், திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அமைப்பாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருபவர்களும் உண்டு. தரவில்லை என்றால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். தன்னார்வலராகத் தண்ணீர் பாட்டில் நீட்ட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். எந்தப் போட்டியிலும் அதற்கு ஆள் பற்றாக்குறைதான். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.